கால்வாய்க் கரையில் காட்டு ட்ரெக்கிங்: 'சமதளம்தானே'ன்னு கிளம்பினா எங்கே சிக்கல்? முழு விளக்கம்

மலையை ஒட்டி ஓடும் கால்வாய், அதன் கரையில் ஒரு நடைபாதை, இரண்டு பக்கமும் அடர்ந்த காடு. ரீல்ஸில் இப்படி ஒரு வீடியோ வந்தால் யாருக்கும் ஆசை வரும். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, கால்வாயைப் பிடித்துக்கொண்டே போனால் வழி தவறவும் வாய்ப்பில்லை. ஈஸியா போயிட்டு வந்துடலாம்னுதான் தோணும்.

அங்கேதான் கவனம் தேவை. காட்டுக்குள் ஓடும் பாசனக் கால்வாய் சுற்றுலாவுக்காக வெட்டப்பட்டது அல்ல. அதன் கரை பொதுவழியும் அல்ல. ஒரு பக்கம் வேகமாக ஓடும் தண்ணீர், மறுபக்கம் சரிவு. நடுவில் யானை வந்தால் ஒதுங்க இடம் கிடையாது.

குன்றாண்டார்கோவில், கீரனூர் போன்ற சமவெளி ஊர்களில் இருந்து நண்பர்களோடு இப்படி ஒரு ட்ரெக்கிங் போக என்ன திட்டம் வேண்டும்? ஆனைமலையில் ஓடும் காண்டூர் கால்வாயை உதாரணமாக வைத்துப் பார்க்கலாம்.

காண்டூர் கால்வாய் என்றால் என்ன?

கோவை, திருப்பூர் மாவட்ட விவசாயிகளுக்கு இந்தப் பெயரைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பரம்பிக்குளம் - ஆழியாறு பாசனத் திட்டத்தின், அதாவது பிஏபி-யின், முக்கியமான நீர்வழி இது. பரம்பிக்குளம் அணைத் தண்ணீர் சுரங்கம் வழியாகத் தூணக்கடவுக்கு வருகிறது. அங்கிருந்து சர்க்கார்பதி மின் நிலையத்துக்கு இறங்கி மின்சாரம் தருகிறது. அதன் பிறகு காண்டூர் கால்வாயில் ஏறி, உடுமலை அருகே உள்ள திருமூர்த்தி அணைக்குப் போகிறது.

கால்வாயின் நீளம் சுமார் 49 கி.மீ. பெரும்பாலும் ஆனைமலையின் அடிவாரச் சரிவுகளை ஒட்டியே போகிறது. சில இடங்களில் சுரங்கத்துக்குள்ளும் நுழைகிறது. திருமூர்த்தி அணையை நம்பி இருக்கும் பாசனப் பரப்பு சுமார் 3.77 லட்சம் ஏக்கர்.

தமிழ்நாடு, கேரளா இரண்டு மாநிலங்களும் சேர்ந்த திட்டம் இது. ஒப்பந்தம் கையெழுத்தானது 1970 மே 29-ல். ஆனால் 1958 நவம்பர் 9-ல் இருந்தே அமலுக்கு வந்ததாக ஒப்பந்தத்தில் குறிப்பிடப்பட்டது.

சரி, 'காண்டூர்' என்ன ஊர்? அது ஊரே இல்லை. வரைபடத்தில் ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைத்துப் போடும் கோட்டுக்கு ஆங்கிலத்தில் 'காண்டூர்' என்று பெயர். தமிழில் சமஉயரக் கோடு. மலை எங்கே வளைகிறதோ அங்கே கால்வாயும் வளைந்து, ஏறக்குறைய ஒரே உயரத்திலேயே போகும். தண்ணீர் நகர எவ்வளவு சரிவு வேண்டுமோ அவ்வளவுதான் இருக்கும். அந்த வார்த்தையே பேச்சுவழக்கில் கால்வாயின் பெயராக நிலைத்துவிட்டது.

உலகின் பல இடங்களில் இந்த முறை உண்டு. இமாச்சலப் பிரதேசத்தில் 'குல்' என்பார்கள். போர்ச்சுகலின் மதேரா தீவில் 'லெவாடா' என்பார்கள். மதேராவில் லெவாடா கரையில் நடப்பதற்காகவே உலகெங்கும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். அங்கேயும் கரை குறுகல், பக்கத்தில் பள்ளம், டார்ச் இல்லாமல் கடக்க முடியாத சுரங்கங்கள் உண்டு. ஆனால் மதேராவில் யானை கிடையாது. ஆனைமலையில் உண்டு.

சமதளமாக இருந்தும் ஏன் கடினம்?

மலையேற்றத்தில் மூச்சு வாங்கும்போது உடம்பே 'போதும்' என்று சொல்லிவிடும். கால்வாய்க் கரையில் அந்த எச்சரிக்கை வராது. பேசிக்கொண்டே 5 கி.மீ. உள்ளே போயிருப்போம். திரும்பி வருவதற்கும் அதே 5 கி.மீ. நடக்க வேண்டும் என்பது அப்புறம்தான் உறைக்கும். இடையில் காட்டை விட்டு வெளியேறக் குறுக்கு வழி இருக்காது.

இரண்டாவது, வெயில். மலை என்றாலே குளிர் என்று நினைக்கிறோம். ஆழியாறு, திருமூர்த்தி பகுதிகள் அடிவாரத்தில்தான் இருக்கின்றன. ஊட்டி, வால்பாறை குளிரை இங்கே எதிர்பார்க்க முடியாது. கால்வாய்க்காக மரம் அகற்றப்பட்ட கரையில் நிழல் குறைவாகவும் இருக்கும்.

மூன்றாவது, குறுக்கே வரும் காட்டு ஓடைகள். வறண்டு கிடக்கும் ஓடையில் மேலே மழை பெய்தால் திடீர் வெள்ளம் வரும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம், மலை உச்சியில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். போகும்போது கடந்த ஓடையைத் திரும்பும்போது கடக்க முடியாமல் போகலாம்.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

முதல் வேலையே இதுதான். பை, ஷூ எல்லாம் அப்புறம்.

கால்வாயை நிர்வகிப்பது நீர்வளத்துறை. அது ஓடும் காடு வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆனைமலை ஒரு புலிகள் காப்பகம். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. காப்புக்காட்டில் அத்துமீறி நுழைவது 1882-ம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படியும் குற்றம். 'உள்ளூர் ஆள் ஒருத்தர் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னார்' என்பது அனுமதி ஆகாது.

அப்படியென்றால் சட்டப்படி நடக்க வழியே இல்லையா? இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. கோவை மாவட்டப் பட்டியலில் 'ஆழியாறு கால்வாய்க் கரை' என்ற பாதையும் உண்டு. டாப்சிலிப், மானாம்பள்ளி பாதைகளும் அதே மாவட்டத்தில் வருகின்றன.

திட்டத்தின் இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு பாதையும் எளிது, மிதமானது, கடினம் என்று தரம் பிரிக்கப்பட்டிருக்கும். தூரம், நேரம், கட்டணம், அந்தத் தேதியில் பாதை திறந்திருக்கிறதா என்பதை அங்கேயே பார்த்துவிடலாம். வனத்துறை பயிற்சி கொடுத்த வழிகாட்டி கூடவே வருவார். இவர்களில் பலர் அந்தந்த மலையிலேயே வாழும் பழங்குடி இளைஞர்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்கள் வந்தால் பெற்றோர் சம்மதம் தேவை.

ஒன்று தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். காண்டூர் கால்வாயின் 49 கி.மீ.-யும் நடப்பதற்குத் திறந்துவிடப்படவில்லை. அறிவிக்கப்பட்ட பாதை எங்கே முடிகிறதோ அங்கே உங்கள் நடையும் முடிய வேண்டும்.

குரங்கணி ஏன் இன்னும் நினைவில் இருக்க வேண்டும்?

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ. சென்னை, ஈரோடு, திருப்பூர் பகுதிகளில் இருந்து மலையேற்றம் போன குழுக்கள் தீயில் சிக்கின. 23 பேர் உயிரிழந்தார்கள். பலர் இளைஞர்கள். அந்தக் குழுக்கள் அனுமதி இல்லாத பாதையில் போனதாக வனத்துறை அப்போது கூறியது.

அனுமதி என்பது வெறும் ரசீது இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் இல்லை. நீங்கள் எந்தப் பாதையில் இருக்கிறீர்கள், எத்தனை பேர், எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று வெளியே ஒருவருக்குத் தெரிந்திருந்தால்தான் தேடி வர முடியும். அந்த ஆண்டே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது.

எந்த மாதத்தில் போகலாம்?

- பிப்ரவரி நடுவில் இருந்து ஏப்ரல் வரை: காட்டுத்தீ காலம். 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மலையேற்றம் நிறுத்தி வைக்கப்பட்டது. இந்த மாதங்களில் திட்டமே போட வேண்டாம்.

- ஜூன் முதல் செப்டம்பர் வரை: தென்மேற்குப் பருவமழை. ஓடைகளில் வெள்ளம், வழுக்கும் பாறை, அட்டைக்கடி. பாதை எந்த நாளிலும் மூடப்படலாம்.

- அக்டோபர், நவம்பர்: வடகிழக்குப் பருவமழை. இடி மின்னல் மாலையில் அதிகம். வானிலை அறிவிப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

- டிசம்பர் முதல் பிப்ரவரி தொடக்கம் வரை: ஒப்பீட்டளவில் வசதியான காலம். காடு பசுமையாக இருக்கும், வெயில் தாங்கும்.

கால்வாயில் இறங்கிக் குளிக்கலாமா?

கூடவே கூடாது. இந்தக் கட்டுரையில் ஒரு வரி மட்டும் நினைவில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் கண்மாயிலும் குளத்திலும் குளித்து வளர்ந்தவர்களுக்கு நீச்சல் தெரியும். ஆனால் கண்மாய்க்குச் சரிவான மண்கரை இருக்கும். கால் ஊன்றி ஏறிவிடலாம். கான்கிரீட் பூசிய கால்வாயின் பக்கச்சுவர் வழவழப்பாக இருக்கும். பாசி படிந்தால் கைக்கும் பிடிப்பு இல்லை, காலுக்கும் பிடிப்பு இல்லை. யானையே ஏற முடியாமல் தவிக்கும். 2024 பிப்ரவரியில் பொள்ளாச்சி அருகே கால்வாயில் விழுந்த குட்டி யானையைத் தாய் யானை எவ்வளவு முயன்றும் மேலேற்ற முடியவில்லை. வனத்துறையினர்தான் மீட்டார்கள். மீட்ட பிறகு தாய் யானை தும்பிக்கையைத் தூக்கிய வீடியோ நாடு முழுக்க வைரலானது.

வேகத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 1 மீட்டர் என்பது நடப்பதைவிடக் கொஞ்சம் மெதுவான வேகம். அந்த வேகத்தில் ஓடும் தண்ணீர்கூட ஒரு நிமிடத்தில் 60 மீட்டர் இழுத்துக்கொண்டு போய்விடும். முன்னால் சுரங்கம் இருந்தால் என்ன ஆகும்? தண்ணீர் திறப்பும் உங்களுக்குச் சொல்லிவிட்டு நடக்காது. பாசனத் தேவை, மின் உற்பத்தியைப் பொறுத்து அளவு மாறும். காலையில் முழங்கால் அளவு இருந்தது மதியம் இடுப்பளவு ஆகலாம்.

யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்கக் கூடாது. கயிறு, துண்டு, வேட்டி, நீளமான கம்பு, எது கையில் இருக்கிறதோ அதை எறிய வேண்டும். எறிபவர் படுத்துக்கொண்டு அல்லது உட்கார்ந்துகொண்டு எறிவது நல்லது. நின்றால் இழுபட்டு அவரும் விழுவார். செல்ஃபி எடுக்கும்போதும் கரை விளிம்புக்கு முதுகு காட்டி நிற்க வேண்டாம்.

யானை வந்தால்?

கோடையில் காட்டு ஓடைகள் வற்றும்போது கால்வாய்தான் விலங்குகளுக்கும் தண்ணீர். அதனால் கால்வாய்க் கரை என்பது யானை வரக்கூடிய இடம் என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும்.

2025 பிப்ரவரி 4-ல் வால்பாறை சாலையில் டைகர் வேலி பகுதியில் பைக்கில் சென்ற ஜெர்மனி நாட்டுப் பயணி ஒருவர் காட்டு யானை தாக்கி உயிரிழந்தார். அது தார்ச்சாலை. வாகனங்கள் போய்வரும் இடம். அங்கேயே இந்த நிலை என்றால், குறுகலான கரையில் நடந்து போகிறவர் நிலை என்ன என்று யோசியுங்கள்.

- விடிவதற்கு முன்பும் மாலையிலும் நடமாட்டம் அதிகம். அதிகாலை 5 மணிக்கே கிளம்பும் யோசனை வேண்டாம். வழிகாட்டி சொல்லும் நேரத்தில் தொடங்குங்கள்.

- புதிய சாணம், ஒடிந்த கிளை, ஈரமான கால்தடம் தெரிந்தால் பேச்சை நிறுத்துங்கள். முடிவு வழிகாட்டியுடையது.

- தூரத்தில் யானை தெரிந்தால் வந்த வழியே அமைதியாகத் திரும்ப வேண்டும். கத்துவது, கல்லெறிவது, ஃபிளாஷ் போட்டுப் படம் எடுப்பது எதுவும் கூடாது.

- குட்டியோடு இருக்கும் கூட்டம் என்றால் 'கடந்து போய்டும், வெயிட் பண்ணலாம்' என்று பக்கத்தில் நிற்க வேண்டாம். அன்றைய நடை அங்கேயே முடிந்தது.

- பெர்ஃபியூம், ஸ்பீக்கர், பளிச் நிற உடை மூன்றையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

நேரக் கணக்கு எப்படிப் போடுவது?

ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நைஸ்மித் 1892-ல் ஒரு எளிய கணக்கு சொன்னார். சமதளத்தில் 5 கி.மீ.-க்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இன்றும் உலகம் முழுக்கப் பயன்படும் கணக்கு இது.

ஆனால் அது நல்ல உடல்தகுதி உள்ளவருக்கு, குளிர்ந்த ஊரில். நம்ம வெயிலில், குழுவாக, காட்டுப் பாதையில் போகும்போது மணிக்கு 2.5 கி.மீ. என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

உதாரணத்துக்கு, போக 4 கி.மீ., வர 4 கி.மீ. என்று மொத்தம் 8 கி.மீ. நடை என்றால்:

- நடக்கும் நேரம்: 3 மணி 12 நிமிடம்
- ஓய்வு, தண்ணீர், போட்டோ: சுமார் 45 நிமிடம்
- மொத்தம்: ஏறக்குறைய 4 மணி நேரம்

காலை 7 மணிக்குத் தொடங்கினால் 11 மணிக்குள் திரும்பலாம். இதில் 'திரும்பும் நேரம்' என்று ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். 9 மணி என்று வைத்தால், 9 மணிக்கு எங்கே இருக்கிறீர்களோ அங்கிருந்து திரும்ப வேண்டும். 'இன்னும் அரை கி.மீ.தான்' என்ற பேச்சுக்கே இடம் கொடுக்கக் கூடாது. குழுவின் வேகம் என்பது குழுவிலேயே மெதுவாக நடப்பவரின் வேகம்.

குன்றாண்டார்கோவிலில் இருந்து கிளம்புபவர்கள் என்ன செய்யலாம்?

குன்றாண்டார்கோவிலுக்குப் பெயரிலேயே குன்று இருக்கிறது. பல்லவர் காலக் கல்வெட்டு உள்ள குடைவரைச் சிவன் கோவிலும், குதிரைகள் இழுக்கும் தேர் போல அமைந்த மண்டபமும் அந்தப் பாறைக்குன்றை ஒட்டித்தான் இருக்கின்றன. ஆனால் வெட்டவெளியில் இருக்கும் பாறை ஏறுவது வேறு, காட்டில் நாள்பாதி நடப்பது வேறு. அதற்கான பயிற்சியை உள்ளூரிலேயே எடுக்கலாம்.

- நான்கு வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள். வாரத்தில் மூன்று நாள் கண்மாய்க் கரையில் 4 கி.மீ. நடை. மண்கரை நடைக்கும் தார்ரோடு நடைக்கும் கணுக்கால் வித்தியாசம் தெரியும்.

- மூன்றாவது வாரம், ட்ரெக்கிங் அன்று எடுத்துப் போகும் அதே பை, அதே எடை, அதே ஷூ. புது ஷூவை முதல்முறையாகக் காட்டில் போட்டால் கொப்புளம் நிச்சயம்.

- ஒரு ஞாயிறு நார்த்தாமலைக்குப் போய் விஜயாலய சோழீஸ்வரம் வரை ஏறி இறங்குங்கள். பாறையில் இறங்கும்போது முழங்கால் வலிக்கிறதா என்று தெரிந்துவிடும். வலிப்பவர் இருந்தால் எளிய பாதையைப் பதிவு செய்யுங்கள்.

பயணத் தூரமும் முக்கியம். திருச்சி, திண்டுக்கல், பழனி, உடுமலை வழியாகப் பொள்ளாச்சி போக 200 கி.மீ.-க்கும் அதிகம். இரவு முழுக்க வேன் ஓட்டி, விடிந்ததும் நடக்கத் தொடங்குவதுதான் பல குழுக்கள் செய்யும் தவறு. தூக்கம் இல்லாத கால் தடுமாறும். தடுமாறினால் பக்கத்திலேயே கால்வாய். முந்தைய நாள் மாலையே பொள்ளாச்சி வந்து தங்கிவிடுங்கள். நடை முடிந்த கையோடு அதே டிரைவர் திரும்ப ஓட்ட வேண்டியிருந்தால், அவர் நடைக்கு வர வேண்டாம், அல்லது இன்னொரு டிரைவர் வேண்டும்.

பையில் என்னென்ன இருக்க வேண்டும்?

- தண்ணீர்: மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல். 4 மணி நேர நடைக்கு ஒருவருக்கு 2 முதல் 3 லிட்டர். கால்வாய்த் தண்ணீரைக் குடிக்கலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.
- ஓஆர்எஸ் பாக்கெட் இரண்டு. கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், எலுமிச்சை சாதம் போதும்.
- முழுக்கை சட்டை, முழு பேன்ட், தொப்பி, மழைக்கோட்டு
- பிடிப்புள்ள ஷூ, நீளமான சாக்ஸ். அட்டைக்கு உப்புப் பொட்டலம்.
- டார்ச், விசில், பவர் பேங்க். பகல் நடைதான் என்றாலும் டார்ச் அவசியம்.
- குழுவுக்கு ஒரு 15 மீட்டர் கயிறு, முதலுதவிப் பெட்டி
- ஆஸ்துமா, சர்க்கரை, பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் இரண்டு நாள் மருந்து கூடுதலாக

தூக்கி எறியும் பிளாஸ்டிக் பாட்டில், பாக்கெட் எதுவும் வேண்டாம். சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சிகரெட், தீப்பெட்டி, மது மூன்றுக்கும் காட்டில் இடமில்லை.

அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது?

காட்டுக்குள் பல இடங்களில் சிக்னல் இருக்காது. அதனால் கிளம்பும் முன்பே வீட்டில் ஒருவரிடம் நான்கு விவரங்களை எழுதிக் கொடுங்கள்: பாதையின் பெயர், குழுவில் இருப்பவர்கள், வழிகாட்டியின் எண், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் தகவல் கொடுக்க வேண்டும் என்பது. சிக்னல் கிடைத்தால் ஆம்புலன்சுக்கு 108, பொது அவசர உதவிக்கு 112.

பாம்பு கடித்தால் கடித்த இடத்தை வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். மோதிரம், கொலுசு, வாட்சைக் கழற்றிவிட்டு, கடிபட்ட காலை அசைக்காமல் தூக்கிக்கொண்டு வர வேண்டும். விஷமுறிவு மருந்து மருத்துவமனையில்தான். பொள்ளாச்சியில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது.

புகை வாசம் வந்தாலோ, தூரத்தில் புகை தெரிந்தாலோ உடனே திரும்புங்கள். தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும் என்பதால் தப்பிக்க மேலே ஓடக் கூடாது.

எப்போது 'இன்னைக்கு வேண்டாம்' என்று சொல்ல வேண்டும்?

கிளம்பும் நாள் காலையில் இந்த ஐந்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. பாதை திறந்திருப்பதாக உறுதி கிடைத்ததா?
2. மழை, இடி எச்சரிக்கை எதுவும் இல்லையா?
3. வழிகாட்டி நேரில் வந்துவிட்டாரா?
4. குழுவில் யாருக்காவது காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை இருக்கிறதா?
5. திரும்பும் நேரத்தை எல்லோரும் ஒப்புக்கொண்டார்களா?

ஒன்றுக்குக்கூடச் சரியான பதில் இல்லையென்றால் நடையைத் தள்ளிப் போடுங்கள். முன்பதிவுப் பணம் போனாலும் பரவாயில்லை. அன்று ஆழியாறு அணையைப் பார்த்துவிட்டு, பொள்ளாச்சியில் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பலாம். கால்வாய் அடுத்த வருஷமும் அதே இடத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.